அத்தியாயம் 3: பிள்ளை தாய்வீட்டில், அப்பா வெளியூரில்

வளைகாப்பு முடிந்த கையோடு மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார். ஏழாம் மாதமா ஒன்பதாம் மாதமா என்பது குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. பிரசவம் அந்த ஊர் மருத்துவமனையில். பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து, தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவார்கள். இடைப்பட்ட காலத்தில் அப்பா என்பவர், வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, சனிக்கிழமை காலை மாமனார் வீட்டு வாசலில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிப் போகும் விருந்தாளி. சாப்பாடு பலமாக இருக்கும். "அப்பா வந்திருக்காரு பாரு" என்று யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். அது சிணுங்கியதும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தகப்பன் மனநிலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் தாய், தகப்பன், குழந்தை மூவரும் முதல் நாளிலிருந்தே ஒரே அறையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. அந்த நூல்களின் அறிவுரையை இந்த வெள்ளிக்கிழமை பஸ்காரரிடம் கொடுத்தால் அவருக்குச் சிரிப்புதான் வரும். இந்த அத்தியாயம் அவருக்காக.

பாசம் வரவில்லையே என்ற பயம்

முதல் பிள்ளையைக் கையில் வாங்கிய நிமிடத்தில் கண் கலங்கி நெஞ்சு நிறைந்துவிடும் என்று சினிமா சொல்லி வைத்திருக்கிறது. சிலருக்கு அப்படி நடக்கவும் செய்யும். பலருக்கு முதலில் வருவது பயம். சிவந்து சுருங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன உடம்பை எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாத பயம். அடுத்தது, மனைவிக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதி. அதற்கடுத்து ஆஸ்பத்திரி பில். சுற்றிலும் எல்லோரும் பூரித்துப் போயிருக்க, தனக்கு மட்டும் அப்படி ஒன்றும் தோன்றவில்லையே என்று மருகுகிறவர்கள் ஏராளம். வெளியில் சொல்வதில்லை. சொன்னால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள்.

இதில் குறை ஒன்றுமில்லை. தாய்க்குக் கர்ப்பகாலம் முழுக்க உடம்பு தயாராகிக்கொண்டே வருகிறது. ஆணின் உடம்பும் மாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு, பிள்ளையோடு எவ்வளவு நேரம் புழங்குகிறோம் என்பதோடு சேர்ந்தே காணப்படுகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு பகுதியில் 624 இளைஞர்களை லீ கெட்லர், கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் நாலரை ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இடையில் துணை தேடித் தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு, ஆகாதவர்களைவிட நன்றாக இறங்கியிருந்தது. தகப்பன்களிலும், நாளொன்றுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பிள்ளை வேலையில் கை வைக்காதவர்களைவிடக் குறைவு. இதைப் படித்துவிட்டு ஆண்மைக்கு ஆபத்து என்று யாரும் பதற வேண்டாம். போட்டி போடும் மனதிலிருந்து பேணும் மனதுக்கு உடம்பு சற்றுத் திரும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் செய்தவை இன்னும் சுவாரசியமானவை. முதல் பிள்ளை பெற்ற 80 தம்பதிகளின் ரத்தத்தில், பிறந்து ஆறு வாரத்திலும் ஆறு மாதத்திலும் ஆக்சிடோசின் அளந்தார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் அளவில் வேறுபாடில்லை. தாய்ப்பாலோடும் பிரசவத்தோடும் நாம் சேர்த்தே பேசும் அந்த ஹார்மோன், பிள்ளை பெறாத உடம்பிலும் அதே அளவு இருந்தது. வேறுபாடு தொடும் விதத்தில்தான். ஆக்சிடோசின் கூடுதலாக இருந்த தாய்மார்கள் தடவிக் கொடுத்துக் கொஞ்சினார்கள். தகப்பன்மார்கள் கையைக் காலை ஆட்டி, பொருளைக் காட்டி, விளையாட்டு மூட்டினார்கள். பிறகு 2014ல் அதே குழு 89 பெற்றோரின் மூளையை ஸ்கேன் செய்தது. அதில் தாயில்லாமல் தாங்களே பிள்ளையை வளர்க்கும் ஆண்களும் இருந்தார்கள். பிள்ளைக்காகத் துடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, அந்த ஆண்களுக்குத் தாய்மாரைப் போலவே வேலை செய்தது. பொதுவாகத் தகப்பன்களில், பிள்ளையை நேரடியாகப் பார்த்துக்கொண்ட நேரம் கூடக் கூட, அந்தப் பகுதிக்கும் அடுத்தவர் மனதைப் படிக்கும் பகுதிக்கும் இடையேயான இணைப்பு பலமாக இருந்தது.

கவனித்தால் ஒன்று புரியும். வருடிய நேரம், தூக்கிய நேரம், துணி மாற்றிய நேரம்: இவைதான் கணக்கில் வருகின்றன. பிள்ளைக்காக வெளியூரில் உழைத்த நேரம் இந்தக் கணக்கில் வரவில்லை. நியாயமில்லைதான். ஆனால் உடம்பு நியாயம் பார்ப்பதில்லை.

ஆக, பாசம் பொங்கி வந்தபிறகு பிள்ளையைத் தூக்கலாம் என்று காத்திருப்பவர் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார். தூக்கத் தூக்கத்தான் அது வரும்.

வழக்கத்தைக் குறை சொல்வதா?

தாய்வீட்டுப் பிரசவத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பச்சை உடம்புக்காரிக்கு மாமியார் வீட்டில் கிடைக்காத ஓய்வும், வெட்கமில்லாமல் அழும் உரிமையும் அம்மா வீட்டில் கிடைக்கின்றன. அதைப் பிடுங்கிவிட்டு, ஒரகடத்து ஒற்றைப் படுக்கையறை வீட்டில், காலை ஷிப்டுக்குப் போகும் கணவனோடு தனியாக விடுவது பெண்ணுக்குச் செய்யும் உதவியாகாது. வழக்கம் இருக்கட்டும். அதற்குள் அப்பாவுக்கு ஓர் இடம் போட வேண்டும்.

நம் மரபில் அந்த இடம் கொஞ்சம் காலியாகவே கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணனைத் தாலாட்டி, நீராட்டி, அம்மம் ஊட்ட அழைத்துப் பாடிய பெரியாழ்வார் ஓர் ஆண். அவ்வளவையும் யசோதையாக மாறித்தான் பாடினார். நந்தகோபனாக இருந்துகொண்டு பாடவில்லை. பிள்ளைத்தமிழ் குழந்தைக்குப் பருவம் பிரித்திருக்கிறது: மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை. நம் வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் காப்புப் பருவம் முழுக்கவும் செங்கீரையில் பாதியும் மாமனார் வீட்டிலேயே கழிந்துவிடுகின்றன.

இதற்கு மேல் பணம் என்ற ஒன்று. முதல் பிரசவச் செலவு பெண்வீட்டுடையது என்ற வழக்கத்தைப் பல குடும்பங்கள் இன்றும் விடவில்லை. மாப்பிள்ளைக்கு அது சௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் செலவு செய்கிறவர்தான் எந்த டாக்டர், எந்த அறை, யார் உடனிருப்பது என்று முடிவெடுப்பார். என் யோசனை: பாதியையாவது நீங்கள் கட்டுங்கள். மாமனார் மறுத்தால் மருந்துச் செலவு, ஸ்கேன் செலவு என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். விருந்தாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இது முதல் படி.

வளைகாப்புக்கு முன்னால் பேச வேண்டியவை

மனைவியோடு தனியாக, அவர் கிளம்புவதற்கு முன் பேசிவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பேசினால் அது புகாராகவே கேட்கும். மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: எப்போது லீவு, எத்தனாம் மாதம் திரும்புவது, நீங்கள் போகும் நாட்களில் எந்த வேலை உங்களுடையது.

லீவு விஷயத்தில் பெரும்பாலோர் ஒரே மாதிரி செய்கிறார்கள். பிரசவத் தேதியை ஒட்டி இருக்கும் லீவை எல்லாம் போட்டுவிடுகிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு, உயிரோடுள்ள பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிலிருந்து ஆறு மாதம்வரை அதை எடுக்கலாம். தனியார் துறையில் கம்பெனி மனது வைத்தால் உண்டு. பெண்களுக்கு 26 வாரம் தந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் தகப்பனைப் பற்றிப் பேச்சில்லை. எவ்வளவு கிடைத்தாலும் அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வாரத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் உடனிருக்கப் பெண் துணையை விடுவதே வழக்கம். வார்டிலும் இரவில் பெண்கள்தான். நீங்கள் வராந்தாவில் நிற்பீர்கள், இட்லி வாங்குவீர்கள், ரத்தம் கொடுக்க ஆள் தேடுவீர்கள். அவசியமான வேலைதான், சில நாள் போதும். வீட்டுக்கு வந்த பிறகும் சொந்தபந்தங்கள் சூழ்ந்திருக்கும். பெயர் சூட்டும் நாள்வரை தீட்டு என்று தள்ளி நிறுத்தும் வீடுகளும் உண்டு.

ஆறாவது வாரத்தைப் பாருங்கள். கைக்குழந்தையின் அழுகை உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய அப்போதுதான். பார்க்க வந்த கூட்டம் வடிந்திருக்கும். பாட்டிக்கும் உடம்பு ஓய்ந்திருக்கும். அதே சமயம் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் அந்த வாக்கில்தான். உதவியும் தேவைப்படும், பலனும் கைமேல் கிடைக்கும். லீவில் பாதியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து எடுக்க விடாத அலுவலகமாக இருந்தால், பிரசவத்துக்குச் சாதாரண விடுப்பைப் போட்டுவிட்டு, பெரிய லீவை ஆறாம் வாரத்துக்குத் தள்ளுங்கள்.

ஒரு வேலை, முழுசாக

மாமனார் வீட்டில் எல்லா வேலையிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைப்பதைவிட, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, நீங்கள் இருக்கும்வரை அது உங்களுடையது என்று ஆக்கிக்கொள்வது நல்லது. 'உதவி' செய்பவருக்கு எப்போதும் மேற்பார்வை உண்டு. அந்த வேலையே அவருடையது என்றால், தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொள்ள இடம் கிடைக்கிறது.

எந்த வேலை? குளிப்பாட்டுவதை ஆசைப்பட்டுக் கேட்காதீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும் அந்தக் காரியம் அந்த வீட்டுப் பாட்டியின் அரசாங்கம். அதில் நுழைந்தால் எதிர்ப்பு கிளம்பும். (மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது மட்டும் வேண்டாம் என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.) எடுத்துக்கொள்ளத் தோதான வேலை, பால் குடித்து முடித்தபின் வருவது: தோளில் சாய்த்து ஏப்பம் விட வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தூங்க வைப்பது. தாய்ப்பால் மட்டும் உங்களால் ஆகாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளது எல்லாம் ஆகும்.

கேட்கும் விதம் முக்கியம். "நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்றால் மாமியாருக்கு வருத்தம் வரும். "அத்தை, எனக்குப் பயமா இருக்கு, நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க" என்றால் அவர் உட்கார்ந்து சொல்லித் தருவார். "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலையெல்லாம்" என்று முதலில் கேட்கத்தான் செய்வார். "தலை நிக்காத பிள்ளை, உரம் விழுந்துடும்" என்றும் சொல்வார். இரண்டாவது எச்சரிக்கையில் விஷயம் இருக்கிறது. பச்சைக் குழந்தையின் தலையையும் கழுத்தையும் ஒரு கை தாங்கியே ஆக வேண்டும். அதை அவர் எதிரிலேயே கற்றுக்கொண்டு செய்து காட்டினால், அடுத்த வாரம் அவரே பிள்ளையை நீட்டுவார்.

இன்னொன்று இரவு. மாப்பிள்ளைக்கு மாடி அறையில் மெத்தை போட்டு, பெண்ணும் பிள்ளையும் பாட்டியும் கீழே படுப்பது வழக்கம். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் பிள்ளையின் பாதி நாள் உங்களுக்கு இல்லாமல் போகிறது. சனிக்கிழமை இரவு ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். பாட்டியும் அன்று நிம்மதியாகத் தூங்கட்டும். பிள்ளை முனகியதும் நீங்கள் எழுந்து, துணி பார்த்து, மனைவியிடம் கொடுத்து, குடித்ததும் வாங்கி, ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து, தனிப் படுக்கையில், முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமல். பிள்ளையை நெஞ்சில் போட்டபடி நாற்காலியிலோ சோபாவிலோ தூங்கிப் போவது ஆபத்து. கண் சொக்கினால் உடனே கீழே கிடத்துங்கள்.

விழித்திருக்கும்போது நெஞ்சில் போட்டுக்கொள்வது வேறு. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிக் காப்பாற்றத் தொடங்கினார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுதான். தகப்பனும் செய்யலாம். குறைமாதப் பிள்ளை என்றால் மருத்துவர் சொல்படி. நிறைமாதப் பிள்ளைக்கும் இது நல்லது: சட்டையைக் கழற்றி, பிள்ளைக்கு நாப்கின் மட்டும் கட்டி, நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகை ஒரு துணியால் போர்த்திக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் சட்டையில்லாமல் உட்கார யாருக்கும் கூசும். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளை உங்கள் கையில் அழும். அப்போதுதான் நாலு கை நீளும். பசியழுகை என்றால் கொடுத்துவிடுங்கள். பால் குடித்து அரைமணி ஆகவில்லை, துணி ஈரமில்லை, காய்ச்சல் இல்லை என்றால், கொடுக்காமல் கொஞ்சம் நடந்து பாருங்கள். உங்கள் கையிலேயே அழுது, உங்கள் கையிலேயே அடங்கிய ஒரு தடவை, சிரித்த பத்துத் தடவைக்குச் சமம். பிள்ளைக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். அழுகை நிற்காமல், உங்களுக்குக் கோபம் தலைக்கேறுவது தெரிந்தால் உடனே படுக்கையில் கிடத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆளில்லாவிட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுது எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கோபத்தில் ஓர் உலுக்கு உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகும்.

திங்கள் முதல் வெள்ளி வரை

வீடியோ கால் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் பிள்ளைக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை. பால் குடிக்கும்போது தாய் முகம் இருக்கும் தூரம். தாயின் குரலைப் பிறந்த உடனேயே அடையாளம் கண்டு விரும்புகிறது என்று 1980ல் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் காட்டினார்கள். நாலு ஆண்டு கழித்துத் தகப்பன் குரலை வைத்துச் செய்த சோதனையில் அப்படி ஒரு விருப்பம் தென்படவில்லை. மனசு விட்டுவிட வேண்டாம்; அந்தக் குரல் பழகவேண்டிய குரல், அவ்வளவே.

ஆகவே அந்த வீடியோ கால் உங்களுக்கும் மனைவிக்கும். "பாப்பா பால் குடிச்சாளா, எத்தனை தடவை போனா, ஏன் அழுவுறா" என்று சூப்பர்வைசர் மாதிரி கேட்காதீர்கள். "நீ தூங்குனியா" என்று முதலில் கேளுங்கள். பதில் 'இல்லை' என்றால் யோசனை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். மைக்கேல் லாம், ஜோசப் பிளெக் முதலானோர் 1985ல் தகப்பன் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துப் பேசினார்கள்: நேரடியாகப் பிள்ளையோடு செய்வது, கூப்பிட்டால் கிடைக்கும் தூரத்தில் இருப்பது, பிள்ளைக்கு என்னென்ன தேவை என்று தானே நினைவு வைத்து ஏற்பாடு செய்வது. முதல் இரண்டும் வெளியூரிலிருந்து நடக்காது. மூன்றாவது நடக்கும். ஆண்கள் பொதுவாகப் பெண்களிடம் விட்டுவிடுவதும் அந்த மூன்றாவதைத்தான்.

எனவே பிள்ளையின் காகித வேலை முழுக்க உங்களுடையது. 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் முடிவாகாவிட்டால் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் போடுவது போக, 6, 10, 14ஆம் வாரங்களில் அடுத்தடுத்து வரும். அந்தத் தேதிகள் உங்கள் போனில் இருக்கட்டும், மனைவியின் தலையில் வேண்டாம். ஆறாம் வார ஊசிக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். அன்று ராத்திரி காய்ச்சலோடு அழும் பிள்ளையை வைத்திருப்பதும் நீங்களாக இருந்தால், லீவு வீணாகவில்லை.

அப்பாவின் மனம் கலங்கினால்

பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் என்பது இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. ஆண்களுக்கும் வரும் என்றால் நம்ப ஆளில்லை. பால்சன், பேஸ்மோர் இருவரும் 43 ஆய்வுகளில் வந்த 28,004 பேரின் தகவலைத் தொகுத்து 2010ல் கணக்கிட்டபோது, பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்திலிருந்து முதல் பிறந்தநாள் வரையில் தகப்பன்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பிறந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த கணக்குகளில் இது 25 சதவீதத்தையும் தாண்டியது. மனைவிக்குச் சோர்வு இருந்த வீட்டில் கணவனுக்கும் இருப்பது கூடுதல்.

அந்த மூன்று முதல் ஆறு மாதம் என்பதை நம் காலண்டரில் வைத்துப் பாருங்கள். தாயும் பிள்ளையும் புருஷன் வீட்டுக்குத் திரும்பும் நேரம். பாட்டியின் இரண்டு கைகள் இனி இல்லை. அந்த ஆய்வுகள் நம் வழக்கத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல, காரணமும் அதுவென்று சொல்ல முடியாது. ஆனாலும் சுமை கூடும் காலம் நம் ஊரில் அதோடு வந்து பொருந்துகிறது என்பதால், கூடுதல் கவனம் தேவை.

ஆணின் சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும். சாம்பாரில் உப்பு, செருப்பு கிடந்த இடம், மச்சானின் பேச்சு என்று அற்ப விஷயத்துக்குக் குரல் உயரும். கேட்காமலே ஓவர்டைம் எடுப்பார். இந்த வாரம் ஊருக்குப் போக வேண்டாம் என்று காரணம் தேடுவார். போனில் விழித்துக் கிடப்பார். வாரக்கடைசியில் மட்டும் குடித்தவர் புதன்கிழமையும் குடிப்பார். 'குடும்பத்துக்கு நான் பணம் மட்டும்தான்' என்ற நினைப்பு வந்துபோகாமல் தங்கிவிடும். இவற்றில் சில, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். பிரசவித்த பெண்களுக்காக 1987ல் உருவான எடின்பரோ கேள்விப் பட்டியலில் பத்தே கேள்விகள்தான்; ஆண்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். மனைவிக்கு இப்படிப் பேச்சு வந்தாலும் அதே அவசரம்.

இது உங்களோடு முடியும் விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டலைச் சுற்றிய பகுதிக் குடும்பங்களை ராம்சந்தானி குழுவினர் தொடர்ந்து பார்த்து 2005ல் எழுதியதில், பிள்ளை பிறந்த எட்டாம் வாரத்தில் தகப்பனுக்கு மனச்சோர்வு இருந்தால், மூன்றரை வயதில் பிள்ளைக்கு நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆண் பிள்ளைகளிடம் குறிப்பாக. தாயின் சோர்வைக் கணக்கில் சேர்த்த பிறகும் இது மறையவில்லை.

கொண்டுவந்து விட்ட பிறகு

எத்தனாம் மாதம் திரும்புவது என்பதில் என் அபிப்பிராயம் வெளிப்படையானது: மனைவியின் உடம்பு தேறியிருந்தால் மூன்றாம் மாதம் நல்லது, ஐந்தைத் தாண்டாதீர்கள். ஏழு எட்டு மாதத்தில் பிள்ளைக்கு வேற்றுமுகம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால், உங்களைப் பார்த்ததும் அலறும். மனசு நொறுங்கிப் போகும். அது வெறுப்பு இல்லை, ஆள் பிரித்துப் பார்க்கும் அறிவு வந்ததன் அடையாளம் என்று எத்தனை சொன்னாலும் அந்த நேரத்தில் ஆறுதலாகாது.

வீடு வந்ததும் அதிகாரம் கை மாறும். அங்கே அத்தை இருந்த இடத்தில் இங்கே உங்கள் அம்மா நிற்பார். "ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம், குடு" என்பார். அத்தையிடம் பணிவாகக் கேட்டவர், அம்மாவிடம் எரிந்து விழுவார். அவரிடமும் சொல்லிக் கொடுக்கச் சொல்லியே கேளுங்கள். மாமனார் வீட்டில் உங்களுடையதாக இருந்த அந்த ஒரு வேலை, இங்கே வந்த முதல் நாளிலிருந்தே தொடரட்டும். பிள்ளைக்கும் அது ஒன்றுதான் பழகிய விஷயம். பாட்டி தோளில் ஏப்பம் விட ஒரு விதம், அப்பா தோளில் ஒரு விதம் என்று அதற்குத் தெரியும்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. ஒன்றரை இரண்டு வயதில்தான் பிள்ளையைக் கையில் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபர், எமர்சன் இருவரும் 1964ல் சொன்னது அவர்களுக்குப் பொருந்தும்: பிள்ளை ஒருவரோடு மட்டும் நிற்பதில்லை, ஒன்றரை வயதுக்குள் பலரோடு ஒட்டிக்கொள்கிறது, கூடவே இருந்தவரைவிட, கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் தந்தவரிடம் கூடுதலாக. காலம் கடந்துவிடவில்லை. ஆனால் விமான நிலையத்தில் பிள்ளையைப் பிடுங்கி முத்தமிடாதீர்கள். தரையில் உட்காருங்கள். மனைவியோடு பேசிக்கொண்டே, கையில் ஒரு சின்னப் பொருளை உருட்டிக்கொண்டிருங்கள். அது வந்து எடுத்துக்கொண்டு ஓடும். ஓடட்டும். முதல் வாரம் படுக்கையில் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்; இத்தனை நாளும் அம்மா பக்கத்தில் படுத்த பிள்ளைக்கு, புதிதாக வந்தவர் நடுவில் படுப்பது பெரிய அநியாயம். பாட்டி ஊட்டும்போது பக்கத்தில் இருந்து, இரண்டாம் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்கள் ஊட்டத் தொடங்குங்கள். லீவு 30 நாள் என்றால், உறவினர் வீட்டு விருந்துகளைக் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளிவையுங்கள்.